விடுபட்ட 'ஆம்'

அன்பு மகன் தம்பிக்கு,

சிட்னியில் வெயில் எப்படி, செவன் ஹில்ஸ் அறையில் காற்று வருகிறதா, வீட்டுக்கார அன்ரி நேரத்துக்குச் சாப்பாடு தருகிறாவா என்றெல்லாம் கேட்டு இதைத் தொடங்கியிருக்கலாம். அவற்றைத் தொலைபேசியில் கேட்டுக்கொள்கிறேன். இது வேறு கடிதம். ஞாயிற்றுக்கிழமை நீ புறப்பட்டுப் போன பிறகு எழுத உட்கார்ந்து, மூன்று தரம் கிழித்துப் போட்டு, நாலாம் தரம் எழுதுகிறேன். நீண்டுதான் போகும். ஒரே மூச்சில் வாசிக்க நேரமில்லையென்றால் வைத்துவிட்டுப் பிறகு எடு. ஆனால் முன்பாதியோடு நிறுத்திவிடாதே. கஷ்டமானதைக் கடைசிக்குத் தள்ளிவைப்பது என் பழக்கம் என்று உனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை நடந்தது உனக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்கும். பெட்டிகளை எல்லாம் காரில் ஏற்றி முடித்த பிறகு, அப்பா தன் தட்டச்சுப் பொறியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். முதல் நாள் முழுவதும் அதைத் துடைத்து எண்ணெய் விட்டு, புது ரிப்பன் போட்டிருந்தார். "கொண்டு போறியோ? இல்லாட்டி நீ கையால எழுதி அனுப்பு, நான் அடிச்சு அனுப்புறன்" என்றார். நீ காரின் பின்கதவைச் சாத்திக்கொண்டே, "வேண்டாம் அப்பா, அம்மாவுக்கு அடிச்சதே காணும்" என்றாய். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அவரும் சிரித்தார். பொறியை வாசலுக்குள் சப்பாத்துத் தட்டின் பக்கத்தில் இறக்கி வைத்துவிட்டு வந்து உனக்குக் கை காட்டினார். நான் கேற்றடியில் நின்றேன். நீ சொன்னது பிழை என்று தெரிந்தும் வாய் திறக்காமல் நின்றேன்.

உன் முதல் ஆறு மாதமும் வாசிப்புத்தான் என்று உன் பேராசிரியர் சொல்லியிருக்கிறாரே, முரே ஆற்றின் உப்பைப் பற்றி இதுவரை யார் யார் என்ன கண்டார்கள், எங்கே முரண்பட்டார்கள், எது இன்னும் கேட்கப்படாத கேள்வி என்று தேடித் தொகுத்து முதல் அத்தியாயமாக எழுதும் வேலை, அந்த வேலையைத் தொடங்கி முடிக்காமல் விட்டவள் எழுதுகிறேன். முடிக்காதவளிடம் கேட்க என்ன இருக்கிறது என்று நினைக்காதே. எங்கே வழுக்கும் என்பது விழுந்தவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்தபோது என் பதினொரு வருடத் தாவரவியல் ஆசிரியர் வேலை இங்கே ஒன்றுக்கும் உதவவில்லை. பல்கலைக்கழகத்து ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவும் வேலைதான் கிடைத்தது. ஒரு நாள் கழுவிக்கொண்டே அங்கிருந்த மாணவன் ஒருவனின் செடிக்குப் பெயர் சொன்னேன். பின்னால் நின்ற பேராசிரியர் கேட்டுவிட்டார். அந்த மனிதர்தான் என்னை முதுகலை ஆய்வுக்குச் சேர்த்தவர். வாட்டில் மரத்து விதையை எடுத்துக்கொண்டேன். காட்டுத்தீ போன பிறகு அது ஏன் கூட்டமாக முளைக்கிறது என்பது என் கேள்வி. ட்ருகனினா பக்கம், ஒரு வீடும் இல்லாத புல்வெளி ஓரத்தில், நீயும் அப்பாவும் நானும் சனிக்கிழமைகளில் காகிதப் பையோடு விதை பொறுக்கியது நினைவிருக்கும். நீ முழு நேரமும் கால்பந்து ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்தாய், ஒரு பிடி விதைகூடப் பொறுக்கவில்லை. அதை நான் மறக்கவில்லை.

வாசிப்புக்கு அட்டை வைத்தேன். ஒரு கட்டுரையின் ஒரு கருத்துக்கு ஓர் அட்டை. அப்பா பழப்பெட்டிப் பலகையில் அடித்துத் தந்த நீளப் பெட்டியில் அவற்றை நிறுத்தி வைத்தேன். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில்தான் எழுதினேன். அதைப் பார்த்து என்னோடு படித்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள், ஒருத்தி பரிதாபப்பட்டாள். ஆனால் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் வாசித்து ஆங்கிலத்திலேயே எழுதினால் கை ஓடும், தலை நின்றுவிடும். வசனம் அழகாக இருக்கிறதே என்று அப்படியே இறக்கி வைத்துவிட்டு, விளங்கிவிட்டது என்று நினைப்போம். தமிழில் எழுத வேண்டுமானால் விளங்காமல் ஒரு வரியும் எழுத முடியாது. அதை இன்றும் நல்ல முறை என்றே சொல்வேன். உன் தமிழ் இப்போது கடைச்சாமான் பட்டியல் எழுதத்தான் போதும், ஆகையால் உனக்கு வேறு வழி சொல்கிறேன். ஒரு பக்கத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிடு. மூடிய புத்தகத்தின் மேல் அட்டையை வைத்து, உன் சொந்தச் சொல்லில் எழுது. எழுத வரவில்லையென்றால் விளங்கவில்லை என்று பொருள். திரும்பத் திறந்து வாசி. வெட்கப்பட ஒன்றுமில்லை, நான் ஒரு பக்கத்தை ஐந்து தரம் திறந்திருக்கிறேன்.

தமிழில் எழுதியதில் எனக்கு இன்னொரு வசதி இருந்தது. அதில் பெருமையும் இருந்தது. 'விதைத்தோல் வெடிக்கிறது' என்று எழுதினால் அது நான் கண்டது, அல்லது நான் நினைத்தது. 'வெடிக்கிறதாம்' என்று எழுதினால் இன்னொருவர் சொன்னது. ஆங்கிலத்தில் இன்னாரின் கூற்றுப்படி, இன்னார் காட்டியபடி என்று அரை வரி செலவழிக்க வேண்டியதை நமக்கு ஒரு 'ஆம்' முடித்துவிடுகிறது. என் அட்டை எல்லாம் அந்த ஆமோடுதான் முடியும். முளைக்கிறதாம், கருகுகிறதாம், ஐம்பது வருடம் மண்ணில் கிடக்குமாம். அப்பா அவற்றை எடுத்துப் பார்த்துவிட்டு, ஆராய்ச்சி என்று சொல்லி ஊர்ப்புதினமும் வம்பும் எழுதி வைத்திருக்கிறேன் என்று சிரித்தார். அந்த ஆமுக்கு 'ஆமை' என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

அப்பாவை நீ கார் தொழிற்சாலையின் சாமான் அறையில் வேலை செய்கிற மனிதராகத்தான் பார்த்து வளர்ந்தாய். அவருக்கு விதையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் என் வாசிப்புக்கு ஒழுங்கு வந்தது அவரால்தான். நான் அட்டைகளை ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கி, அதே வரிசையில் எழுதத் தொடங்கியிருந்தேன். இன்னார் இதைச் சொன்னார், அடுத்து இன்னார் அதைச் சொன்னார் என்று இருபது பக்கம். வாசித்தால் எனக்கே கொட்டாவி வந்தது. ஒரு ஞாயிறு அவர் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். "இவையள் எல்லாரும் இந்த மேசையைச் சுத்தி இருந்தா என்ன கதைப்பினம்? ஆர் ஆரோட சண்டை பிடிப்பினம்?" என்று கேட்டார். அன்று முழுக்க அட்டைகளை மேசையில் பரப்பினோம். சூடுதான் காரணம் என்பவர்கள் ஒரு பக்கம், புகை என்பவர்கள் எதிர்ப்பக்கம், இரண்டு பக்கமும் சாயாமல் நழுவுகிறவர்கள் நடுவில். ஒரு கிழமை, ஏழு நாளும், நாங்கள் குசினியில் நின்றபடி சாப்பிட்டோம், நீயும் முணுமுணுத்துக்கொண்டு சாப்பிட்டாய். எழுதும்போது ஆட்களை வரிசைப்படுத்தாதே, கேள்விகளை வரிசைப்படுத்து. இது உன் அப்பா சொல்லித் தந்தது என்று தெரிந்துகொண்டே செய்.

எவரோ எடுத்துக்காட்டியதை நம்பி எழுதிவிடவும் வேண்டாம். மூன்று கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரையைக் காட்டி, விதையைக் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் முளைக்கும் என்று எழுதியிருந்தன. மூன்று பேர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடப் பார்த்தேன். ஏதோ பிடிவாதத்தில் மூலக் கட்டுரையைப் பேர்த் நகரிலிருந்து வரவழைத்தேன். வர ஆறு கிழமை எடுத்தது. அடுப்பிலிருந்து இறக்கிய நீரில் ஊறவிட்டவை முளைத்தன, கொதியிலே கிடந்தவை செத்தன என்று அதில் தெளிவாக இருந்தது. ஒருவர் அவசரத்தில் பிழையாக வாசிக்க, மற்ற இருவரும் அவரைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். போட்டோப் பிரதியும் அப்படித்தான் ஏமாற்றும். பிரதி எடுத்து அடுக்கி வைத்தவுடன் வாசித்து முடித்ததுபோல ஒரு திருப்தி வரும். உன் கட்டிலுக்குக் கீழே நீ விட்டுப் போயிருக்கும் கட்டைப் பார்த்தேன், முக்கால்வாசியில் ஒரு கோடுகூட இல்லை.

இனிப் பின்பாதி. அந்தக் குளிர்காலத்தில் எனக்குக் கடும் காய்ச்சல். வேறு மாநிலத்து நூலகத்திலிருந்து இரவலாக வந்த தொகுதி ஒன்றை மூன்று நாளில் திருப்ப வேண்டும். போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்து அவசர அவசரமாக எழுதினேன். பெயரும் ஆண்டும் பக்கமும் பிறகு போடலாம் என்று விட்டேன். அட்டையை எடுத்தால் முதலில் அவற்றை எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுத வேண்டும் என்று உனக்குச் சொல்கிறேன். அந்தப் 'பிறகு' எனக்கு வரவில்லை, யாருக்கும் வராது. ஓர் அட்டையில் இப்படி இருக்கிறது: 'தீ எவ்வளவு பெரியது என்பதல்ல, விதை எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதே முக்கியம். மேலே கிடப்பது கருகும், ஆழத்தில் கிடப்பதற்குச் சூடு எட்டாது, ஒரு விரல் ஆழத்தில் கிடப்பதே முளைக்கும்.' முளைக்குமாம் என்று இருக்க வேண்டும். ஆம் இல்லை. நாலு மாதம் கழித்து எடுத்து வாசித்தபோது, என் கையெழுத்து, என் தமிழ், ஆம் இல்லை. நான்தான் நினைத்திருக்கிறேன் என்று நம்பினேன். இவ்வளவு நல்லதாக யோசித்திருக்கிறேனே என்று சந்தோஷப்பட்டேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அத்தியாயத்தை நான் ஆங்கிலத்தில் கையால் எழுத, அப்பா இரண்டு விரலால் அடித்தார். நம் வீட்டுக்குக் கலர் டெலிவிஷன் வந்த வருடம். நீ கடைசி வகுப்பு, உன் அறையில் கதவைச் சாத்திப் படித்துக்கொண்டிருந்தாய். அப்பா சும்மா அடிக்கவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் உரிய அட்டையை எடுத்து, பெயரும் ஆண்டும் சரியா என்று பார்த்துத்தான் அடித்தார். சாமான் அறைப் பழக்கம். நான் குசினியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தேன். அவர் மேசையிலிருந்தபடியே கேட்டார்: "இஞ்சாரும், இந்த மட்டையில ஆமையைக் காணேல்லை. பேரும் இல்லை. இது உம்மட வசனமோ, வேற ஆரின்ரையுமோ?"

"ஓம்" என்றேன்.

"ஓம் எண்டா, உம்மடையோ?"

"ஓம் எண்டுறன், அடியுங்கோ."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலடி தூரத்தில் அவர் அட்டையை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். வாங்கி ஒரு நிமிடம் பார்த்திருந்தால், காய்ச்சலில் கோணிப்போன என் எழுத்தே எந்த நாளில் எழுதியது என்று சொல்லியிருக்கும்.

பேராசிரியர் இரண்டு பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒன்று நான் எழுதியது, மற்றது அந்த இரவல் தொகுதியில் இருந்த மூலம். என் தமிழ் வழியாகப் போய்த் திரும்பி வந்ததால் சொற்கள் வேறு, ஆனால் கருத்தும் அது போகிற வரிசையும் ஒன்றேதான். அவர் சத்தம் போடவில்லை. இது எப்படி நடந்தது என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் மிகச் சாதாரணமானது. நான் கவனமில்லாமல் விட்டுவிட்டேன், மன்னியுங்கள், திருத்துகிறேன். அதை நான் சொல்லவில்லை. பதினொரு வருடம் பிள்ளைகளின் கொப்பியில் சிவப்பு மையால் கோடு போட்டவள். கண்ணாடிக் குழாய் கழுவ வந்தவளுக்கு இவ்வளவுதான் என்று நினைத்துவிடுவாரே என்று பயந்தேன். என் கணவர்தான் தட்டச்சு செய்தவர், அவர் அடிக்கும்போது ஆசிரியரின் பெயர் விடுபட்டிருக்கும் என்றேன்.

அவர் நம்பினார். பதிவுக்காக, தட்டச்சு செய்தவரிடமிருந்து ஒரு சிறு கடிதம் வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, "என்ன எழுத வேணும், சொல்லும்" என்றார். நான் சொல்லச் சொல்ல அடித்தார். தன் கவனக்குறைவால் பெயர் விடுபட்டது என்று அடித்து, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்துத் தந்தார். அவர் கேட்ட கேள்வியையும் நான் சொன்ன ஓமையும் அன்று அவர் ஞாபகப்படுத்தவில்லை. இன்றுவரையும் இல்லை.

பொய் சொன்னதில் எனக்கு ஒரு பலனும் கிடைக்கவில்லை என்பதையும் கேள். அத்தியாயம் முழுவதையும் மூலங்களோடு ஒப்பிட்டுத் திருப்பி எழுதச் சொன்னார்கள். எழுதியிருக்கலாம். ஆனால் பேராசிரியர் ஒவ்வொரு நாளும் உன் கணவர் எப்படி இருக்கிறார் என்று அன்பாக விசாரித்தார். அந்த விசாரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் விலகிக்கொண்டேன். நம் ஆட்கள் ஏன் என்று கேட்டபோது, தட்டச்சில் ஒரு பிழை வந்துவிட்டது என்றேன். மிச்சத்தை அவர்களே முடித்துக்கொண்டார்கள். ஒரு பிறந்தநாள் வீட்டில் அன்ரிமார் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது, உன் காதிலும் விழுந்தது: "அவர் அடிச்ச பிழையாலதானாம் அவவின்ர படிப்பு நிண்டது." நிண்டதாம். அந்த ஆமைக்குப் பின்னால் இருந்தவள் நான். நீ அன்று அப்பாவைத் திரும்பிப் பார்த்த பார்வையைக் கண்டேன். அதன் பிறகு நீ பள்ளிக் கட்டுரைகளை அவரிடம் காட்டுவதை நிறுத்தினாய். ஒரு தாய் அதைப் பார்த்துக்கொண்டு நாலு வருடம் சும்மா இருந்தாள். படிப்பைவிட இதுதான் எனக்கு வெட்கம்.

இந்தக் கடிதத்தோடு அந்த அட்டையை வைத்திருக்கிறேன். எடுத்துப் பார். வலது மூலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருக்கும். அதன் கீழே, சின்ன எழுத்தில், 'ஓம்' என்று இருக்கும். சாமான் அறையில் சந்தேகம் வந்தால் குறி போட்டு, கேட்டவுடன் பதிலையும் பக்கத்தில் எழுதி வைப்பது அப்பாவின் வழக்கம். பேராசிரியருக்கு இந்த ஒரு துண்டைக் காட்டியிருந்தால் போதும். அப்பாவும் காட்டவில்லை, நானும் காட்டவில்லை. நான் அதை என் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன்.

ஆகவே உனக்கு என் கடைசிப் புத்தி இதுதான். உன்னுடைய நினைப்பை எழுதுகிற அட்டை வேறு நிறத்தில் இருக்கட்டும். மேலே உன் பெயரைப் போடு. மற்றவரின் அட்டையில் உன் சொல் ஒன்றும் கலக்க வேண்டாம். யாராவது ஒரு வசனத்தைக் காட்டி இது உன்னுடையதா என்று கேட்டால், அடுப்பில் எது கருகினாலும் கருகட்டும், திரும்பி அந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுப் பதில் சொல். பிழை வந்தால் என் பிழை என்று சொல், உனக்கு அது என்னைவிடச் சுலபமாக வரட்டும். உன் முதல் அத்தியாயத்தை எழுதியவுடன் அப்பாவுக்கு அனுப்பு. இரக்கப்பட்டு அனுப்பாதே. அவரைப்போல ஆமை தேடுகிற கண் சிட்னி முழுக்கத் தேடினாலும் உனக்குக் கிடைக்காது.

இன்று காலை இதை அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். தேநீர் ஆறும்வரை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இதை அனுப்பத்தான் வேணுமோ?" என்றார். "ஓம்" என்றேன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு. பக்கங்களை ஒழுங்காக அடுக்கி என்னிடம் தந்தார். அவருக்கு என்மேல் கோபம் இல்லையாம். உன்மேலும் இல்லையாம். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை அவர் பெரிதாக எடுக்கவில்லையாம்.

அது அவர் சொன்னது, ஆகையால் ஆம் போட்டு எழுதியிருக்கிறேன். நான் கண்டதை ஆம் இல்லாமல் எழுதுகிறேன். தட்டச்சுப் பொறி இன்னும் சப்பாத்துத் தட்டின் பக்கத்திலேயே இருக்கிறது. அவர் அதை உள்ளே எடுத்து வைக்கவில்லை.

அம்மா